கார்டுக்கு ஊசி போடுகிறவர்

வரகுப்பொட்டலிலிருந்து அருப்புக்கோட்டை மில்லுக்கு வேலைக்குப் போன முதல் ஆள் நல்லமுத்து. அறுபத்தெட்டில் மழை பொய்த்து, விதைத்த கம்பு கதிர் வாங்காமலே கருகிப்போனது. அந்த வருசம்தான் அவன் காட்டைப் பெண்டாட்டி பொறுப்பில் விட்டுவிட்டு மில் வாசலில் போய் நின்றான். இறுக்கிக் கட்டிய பஞ்சுப் பொதியை, பேல் என்பார்கள், உடைத்துப் பிரித்து மிஷினில் போடுகிற இடத்தில் வேலை கிடைத்தது. பக்கத்தில் நிற்கிற ஆள் தெரியாத அளவுக்கு அங்கே தூசி பறக்கும். மிஷின் சத்தத்தில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காது. கையைக் காட்டித்தான் பேசிக்கொள்ள வேண்டும். வேலை முடிந்து பஸ்ஸைவிட்டு இறங்கும்போது புருவமெல்லாம் நரைத்த ஆள்போல வருவான். சந்தனம்மாள் அவனை முற்றத்திலேயே நிறுத்தி, வேப்பங்குழையால் தலையையும் முதுகையும் தட்டிவிட்டுத்தான் கஞ்சி ஊற்றுவாள்.

மில்லில் நிரந்தரமானதும் ஒரு கார்டு கொடுத்தார்கள். இ.எஸ்.ஐ. கார்டு. சம்பளத்தில் கொஞ்சம் பிடித்துக்கொள்வார்கள், சீக்கு வந்தால் டாக்டரும் மருந்தும் அவர்கள் பொறுப்பு என்று நல்லமுத்து விளக்கினான். ஊரில் எவரிடமும் அப்படி ஒன்று கிடையாது. சந்தனம்மாள் அதைக் கல்யாணச் சேலையோடு சேர்த்துத் தகரப்பெட்டியில் வைத்தாள். அதை எடுக்கவே கூடாது என்றுதான் நினைத்துக்கொண்டாள்.

எழுபத்திரண்டு ஆடி மாசம் அதை எடுக்க வேண்டிவந்தது. சித்திரையிலிருந்தே அவனுக்கு இருமல். தூசி இருமல், மில்லில் எல்லாருக்கும் இருப்பதுதான் என்று சுக்கும் மிளகும் தட்டிப் போட்டுக் குடித்துக்கொண்டிருந்தான். சாயங்காலமானால் உடம்பு கதகதவென்று வரும். வேட்டி இடுப்பில் நிற்காமல் நழுவியது. ஒருநாள் பஸ்ஸில் வரும்போது இருமி, துண்டை வாயிலிருந்து எடுத்தபோது துண்டு சிவந்திருந்தது. பக்கத்தில் இருந்தவர் எழுந்து பின்னால் போய்விட்டார். முன் சீட்டிலிருந்த பெண் பிள்ளையை இழுத்து மடியில் வைத்து முந்தானையால் மூடிக்கொண்டாள்.

இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டுக் காசம் என்றார்கள். அங்கிருந்த டாக்டரம்மா புதிதாக வந்தவர், பொறுமையாகப் பேசுகிறவர். முன்பு மாதிரி இல்லை, இப்போது மருந்து இருக்கிறது, தினமும் ஊசி போட்டு மாத்திரையும் விடாமல் சாப்பிட்டால் குணமாகிவிடும் என்றார். மதுரைப் பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் படுக்கை காலியாக நாளாகும். அதுவரை இங்கே வந்து ஊசி போட்டுக்கொள்ளச் சொன்னார். வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் தள்ளி வைக்கவேண்டும் என்றும் சொன்னார்.

அவர்களுக்கு ஒரே மகள், கஸ்தூரி. இரண்டு வயசு முடிந்து, ஒவ்வொரு சொல்லாகச் சொல்ல ஆரம்பித்திருந்த வயசு. மறுநாளே சந்தனம்மாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு காரியாபட்டிக்குப் போய் தங்கச்சி முத்துத்தாயிடம் விட்டாள். நல்லமுத்து பிள்ளையைத் தொடாமல் வேப்பமரத்தடியில் நின்றே வழியனுப்பினான்.

தினம் ஊசிக்குப் போவது சொன்ன அளவுக்குச் சுலபமாக இல்லை. ஊருக்குப் பாதை பிரிகிற விலக்கு ரோட்டில்தான் பஸ் நிற்கும். காலையில் ஒன்று, அதைவிட்டால் மத்தியானம். நிழலுக்கு ஒரு கருவேல மரம்கூட இல்லாத பொட்டலில் ஆடிக்காற்று செம்மண்ணை வாரி முகத்தில் அடிக்கும். ஊசி போட்டுக்கொண்டு அவன் டவுனிலேயே கிடந்து, சாயங்கால பஸ்ஸில் திரும்புவான். சாப்பிட்டது நிற்காது. கண்டக்டர்களுக்கும் அடையாளம் தெரிந்துவிட்டது. கடைசி சீட்டில் ஓரமாக உட்காரச் சொன்னார்கள். ஆவணி பிறக்கும்போது, ஊசியே வேண்டாம், இந்த அலைச்சலே என்னைக் கொன்றுவிடும் என்று சொல்லிப் படுத்துக்கொண்டான். அன்றைக்குப் போகவில்லை. மறுநாளும் போகவில்லை.

சந்தனம்மாள் கார்டை எடுத்துக்கொண்டு தனியாக டாக்டரம்மாவிடம் போனாள். ஊசியை நடுவில் விட்டால் பிறகு எந்த மருந்தும் கேட்காது என்று டாக்டரம்மா பயமுறுத்தினார். அப்புறம் யோசித்து, கார்டுக்கு வைத்தியம் பார்க்கச் சம்மதித்த வெளி டாக்டர்கள் சிலர் அங்கங்கே உண்டு, ஊர்ப்பக்கம் அப்படி ஒருவரோ அவரிடம் இருக்கிற கம்பவுண்டரோ கிடைத்தால் அங்கேயே ஊசி போட ஏற்பாடு செய்கிறேன் என்றார். ஆபீசில் கேட்டு இரண்டு பெயர் சொன்னார்கள். ஒருவர் திருச்சுழியில், இன்னொருவர் காரியாபட்டியில். பழைய பெயர்கள்தான், நேரில் போய்க் கேட்டுப் பாருங்கள் என்றும் சொல்லி அனுப்பினார்கள்.

திருச்சுழி அவளுக்குத் தூரம். இருந்தாலும், அங்கே சம்மதித்தால் ஒரு குடிசை பிடித்தாவது புருசனைக் கொண்டுபோய் வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்து பஸ் ஏறினாள். டாக்டர் வீட்டுக் கதவில் பூட்டு தொங்கியது. அவர் மகன் வீட்டோடு மதுரைக்குப் போய் வருசமாகிறது என்று எதிர்க் கடைக்காரர் சொன்னார். அவள் கடைப் பலகையில் கொஞ்சநேரம் உட்கார்ந்திருந்தாள். கடைக்காரர் கேட்காமலே சொம்பில் தண்ணீர் கொடுத்தார்.

காரியாபட்டி டாக்டர் ஊரில் இருந்தார். கார்டை வாங்கி முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, அந்த ஏற்பாட்டை எப்போதோ விட்டுவிட்டதாகச் சொன்னார். எழுத்துவேலை அதிகம், தன்னால் முடியவில்லை என்றார். கையிலிருந்து கொடுத்துப் போடுவதென்றால் போட்டுவிடுகிறேன் என்று சொல்லிக் கார்டைத் திருப்பித் தந்தார். மாசக்கணக்கில் போட வேண்டிய ஊசி. அவள் கும்பிட்டுவிட்டு வந்துவிட்டாள். முத்துத்தாய் வீட்டுக்குப் போய் மகளைப் பார்த்தாள். கஸ்தூரி புதிதாகச் சில சொற்கள் கற்றிருந்தாள். தூக்கினால் பிறகு இறக்கிவிட மனசு வராது என்று சந்தனம்மாள் எட்ட நின்றே பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

திரும்பும் பஸ்ஸில் அவள் அழுதாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, கார்டை மடியில் வைத்தபடி அழுதாள். பக்கத்தில் ஒரு பெண், தலைமயிரெல்லாம் பஞ்சுத் துணுக்கு ஒட்டியிருந்தது. மல்லாங்கிணற்றில் பருத்தி அரைக்கிற ஜின்னிங் பேக்டரியில் வேலை பார்க்கிறவள், சுப்பம்மாள் என்று பெயர். அவள் கண் கார்டின் மேல் விழுந்தது, என்னவென்று கேட்டாள், சந்தனம்மாள் அலைந்ததையெல்லாம் சொன்னாள்.

“இந்தக் கார்டு எங்கிட்டயும் இருக்கு” என்றாள். “இதுக்கு எதுக்குத்தா டவுனுக்கும் காரியாபட்டிக்கும் அலையுத? எங்க பேக்டரிக்குப் பின்னால ஓட்டுக் கட்டிடம் இருக்குல்ல, அங்க இந்தக் கார்ட எடுக்காகளே.”

“அங்க டாக்டர் போர்டு எதுவும் நான் பாத்ததில்லையே.”

“போர்டு ஏது. விருதுநகரு டாக்டரு வாரத்துல ரெண்டு நாளு வருவாரு. மத்த நாளு கம்பவுண்டர்தான். மொகத்தக் கடுகடுன்னு வச்சிருப்பாரு. ஆனா கார்டக் காட்டுனா வேண்டாம்னு சொன்னதே இல்ல.”

மல்லாங்கிணறு அவர்கள் ஊரிலிருந்து காட்டுவழியே நடக்கிற தூரம். சந்தைக்கு மல்லியும் வத்தலும் தலைச்சுமையாகக் கொண்டு அந்த ஓட்டுக் கட்டிடத்தைத் தாண்டித்தான் அவள் எத்தனையோ தடவை போயிருக்கிறாள்.

கம்பவுண்டர் பெயர் சண்முகவேல். ஐம்பதைத் தாண்டியவர், பருத்த உடம்பு. இவள் போனபோது மத்தியானச் சாப்பாட்டுக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். என்ன சீக்கு என்று கேட்கவில்லை. கார்டைக் கொடு என்றார். வாங்கி வெளிச்சத்தில் பிடித்து நம்பரைப் படித்தார். எத்தனை நாள் ஊசி விட்டுப்போயிற்று என்று கேட்டார். அவள் சொன்னதும் வெங்காயத்தை வைத்துவிட்டு ஏசினார். புத்தியிருக்கிறதா, இது என்ன தலைவலி மருந்தா என்றார். அவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். ஏச்சு முடிந்ததும் குரலை இறக்கி, “நாளைக்கே கூட்டிட்டு வா. டாக்டர்கிட்ட எழுதி வாங்கிருதேன். மருந்து டவுன்ல இருந்து வந்து சேருறவரைக்கும் எங்கிட்ட இருக்கிறதப் போடுதேன்” என்றார்.

அவளுக்கு உடனே நம்பிக்கை வரவில்லை. “ஞாயித்துக்கெழமை ஆஸ்பத்திரி பூட்டியிருக்குமேய்யா” என்றாள்.

“என் வீடு பூட்டியிருக்காதுல்ல. அங்க வந்துருங்க.”

உக்கிரபாண்டி நல்லமுத்துவுக்குப் பெரியப்பா மகன். அவனுடைய மாட்டு வண்டியில்தான் முதல் நாட்களில் போனார்கள். கம்பவுண்டர் கண்ணாடி ஊசிக்குழலை ஸ்டவ்வில் கொதிக்கவைத்து எடுப்பார். சின்னப் புட்டியில் வெள்ளைத் தூளாக இருக்கிற மருந்தில் தண்ணீரை ஏற்றிக் குலுக்கி, மருந்து கரைகிறதா என்று பார்த்துக்கொண்டே கேட்பார்: “காது இரையுதா? தலை கிறுகிறுக்குதா?” தினமும் அதே கேள்வி. இல்லை என்று நல்லமுத்து சொல்வான். ஊசி இறங்கும்.

புரட்டாசி முடியும்போது காய்ச்சல் நின்றது. பசியெடுத்தது. சந்தனம்மாள் குதிரைவாலிச் சோறு ஆக்கி, கருவாட்டுக் குழம்பை ஊற்றி, கோழி இட்ட முட்டையெல்லாம் அவனுக்கே அவித்துக் கொடுத்தாள். அந்த வருசம் மழையும் காலத்தில் இறங்கியது. உக்கிரபாண்டி உழுது கொடுக்க, அவளே கூடையை இடுப்பில் வைத்துப் பருத்தி விதையை ஊன்றினாள், இடையில் மல்லியும் தெளித்தாள். ஐப்பசியில் நல்லமுத்து வண்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டு நடந்தே மல்லாங்கிணறு போனான். போகும்போது ஓடையில் ஓடுகிற தண்ணீரில் காலை நனைத்துவிட்டுப் போனதாக வந்து சொன்னான். தையோடு ஊசி முடிந்துவிட்டால் பிள்ளையைக் கூட்டிவந்துவிடலாம் என்று இருவரும் பேசிக்கொண்டார்கள். அந்தப் பேச்சுத்தான் அந்த வீட்டில் அப்போது தினமும் நடந்தது.

அவனைப்போலவே அங்கே ஊசிக்கு வந்த இன்னொருவன் மொக்கையன், ஜின்னிங் பேக்டரியில் பேல் கட்டுகிறவன். இருவரும் பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவார்கள். கார்த்திகையில் ஒருநாள் மொக்கையன் தலை சுற்றுகிறது என்று கம்பவுண்டரிடம் சொன்னான். அன்றைக்கு அவனுக்கு ஊசி போடவில்லை. டாக்டர் வந்து பார்த்து, கார்டில் ஏதோ எழுதி மதுரைக்கு அனுப்பினார். கார்த்திகை முடிவதற்குள் அவன் செத்துப்போனான் என்று செய்தி வந்தது. நல்லமுத்து வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்தான்.

மார்கழி பிறந்த சில நாளில், அந்தி மயங்குகிற நேரம். சந்தனம்மாள் முற்றத்தில் சோளம் புடைத்துக்கொண்டிருந்தாள்.

“இந்த வருசம் என்ன, சில்வண்டு இப்படிக் கத்துது” என்றான் நல்லமுத்து.

அவள் முறத்தை நிறுத்திவிட்டுக் கேட்டாள். ஒரு சத்தமும் இல்லை. தூரத்தில் எங்கோ ஆடு ஒன்று கத்தி அடங்கியது.

“எங்கங்க கத்துது?”

அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு அவன் எதிரே போய் உட்கார்ந்தாள். எத்தனை நாளாக என்று கேட்டாள். கொஞ்ச நாளாக என்றான். முதலில் மில் சத்தத்தின் மிச்சம் என்று நினைத்ததாகவும், மில்லுக்குப் போயே மாசக்கணக்காகிறது என்று அப்புறம்தான் உறைத்ததாகவும் சொன்னான்.

“மண்டைக்குள்ள மில்லு ஓடுதுத்தா. நிக்கவே மாட்டேங்குது.”

“கம்பவுண்டரய்யா தெனமும் கேக்காகளே. இல்லன்னுதான் சொல்லிட்டு வாரீகளா?”

“ஆமான்னு சொன்ன மொக்கையன் எங்க?”

அவள் மடியில் சிந்தியிருந்த சோளத்தைப் பொறுக்கினாள்.

“இந்த ஊசி ஏறின பொறகுதான் எனக்கு மூச்சு முழுசா வருது” என்றான். “இன்னும் கொஞ்ச நாளுதான். காது போனாப் போகட்டும், ஆளு இருப்பேன்ல. அவரு வேண்டாம்னு கார்டத் திருப்பிக் குடுத்துட்டா நமக்கு வேற யாரு இருக்கா? நீ அலைஞ்ச அலைச்சல் எனக்குத் தெரியாதா?”

சொல்லமாட்டேன் என்று அவள் சத்தியமெல்லாம் செய்து கொடுக்கவில்லை. மறுநாள் அவனோடு கிளம்பினாள். எப்படியும் கம்பவுண்டர் காதில் போட்டுவிடுவது என்றுதான் காட்டுவழி முழுவதும் நினைத்துக்கொண்டு போனாள். அன்று டாக்டரும் வந்திருந்தார். நல்லமுத்துவை எடை மிஷினில் ஏற்றிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். கம்பவுண்டர், அந்தக் கடுகடுத்த மனிதர், அவளைக் கூப்பிட்டு எடை முள்ளைக் காட்டினார். வருகிறவர்களுக்கெல்லாம் உங்க வீட்டுக்காரரைத்தான் உதாரணம் சொல்கிறேன் என்றார். அவருக்கு இருந்த சந்தோசத்தைப் பார்த்தபோது அவளுக்குத் திருச்சுழியில் பூட்டியிருந்த கதவு ஞாபகம் வந்தது. காரியாபட்டி டாக்டர் கார்டைத் திருப்பி நீட்டிய கை ஞாபகம் வந்தது. காது இரையுதா, தலை கிறுகிறுக்குதா என்று உள்ளேயிருந்து கம்பவுண்டரின் கேள்வி கேட்டது. இல்லை என்று பதிலும் கேட்டது. அவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

அதற்குப் பிறகு நல்லமுத்து நடக்கும்போது தள்ளாட ஆரம்பித்தான். இருட்டினால் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் வருவான். அதற்கு முந்திய வருசம்தான் ஊர்களில் சாராயக்கடை திறந்திருந்தார்கள். சீக்குக்காரன் ஊசிக்குப் போகிறேன் என்று போய்க் குடித்துவிட்டு வருகிறான் என்று ஊரில் பேசினார்கள். உக்கிரபாண்டியே ஒருநாள் நேரில் வந்து கேட்டுவிட்டான். நல்லமுத்துவுக்குக் கேட்டது பாதிதான். என்னவோ சொல்கிறான் என்று தலையை ஆட்டினான். உக்கிரபாண்டி அதை ஆமென்று எடுத்துக்கொண்டு, அதன் பிறகு வீட்டுப்பக்கம் வருவதை நிறுத்தினான். ஊர் சொல்வதை மறுத்தால் உள்ளதைச் சொல்ல வேண்டும். சந்தனம்மாள் குடிகாரன் பெண்டாட்டி என்ற பெயரை வாங்கிக்கொண்டு பேசாமலிருந்தாள்.

பொங்கலுக்கு ஆஸ்பத்திரி மூடியிருந்தது. கம்பவுண்டர் வீட்டிலும் விசேசம், உறவுக்காரர்கள் வந்திருந்தார்கள். நீங்கள் வரவேண்டாம், நானே வருகிறேன் என்று முதல்நாளே சொல்லியனுப்பியிருந்தார். மாட்டுப்பொங்கலன்று காலையில், ஊசிப் பெட்டியைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வண்டிப்பாதையில் வந்தார்.

நல்லமுத்து பாதையோரம் பருத்திச் செடியைப் பார்த்துக்கொண்டு முதுகைக் காட்டி நின்றான். சந்தனம்மாள் நாலு பாத்தி தள்ளிக் களை எடுத்துக்கொண்டிருந்தாள். சைக்கிள் மணிச் சத்தம் கேட்டு நிமிர்ந்தாள். கம்பவுண்டர் மறுபடி மணியடித்தார். நல்லமுத்து திரும்பவில்லை. அவர் சைக்கிளை விட்டு இறங்கி, இரண்டடி பின்னால் நின்று, பெயரைச் சொல்லிச் சத்தமாகக் கூப்பிட்டார். அவன் ஒரு காயைப் பறித்து உடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சந்தனம்மாள் ஓடிவந்தாள். வந்து சேர்வதற்குள் கம்பவுண்டர் அவனைச் சுற்றிக்கொண்டு முன்னால் போய் நின்றிருந்தார். நல்லமுத்து முகம் மலர்ந்து, தேவைக்கு மீறின சத்தத்தில், வாங்க என்றான்.

“எத்தனை நாளா?” என்று அவர் மெதுவாகக் கேட்டார்.

“இப்பத்தான் சாப்ட்டேன்” என்றான் அவன்.

கம்பவுண்டர் அவள் பக்கம் திரும்பினார்.

“எப்ப இருந்துத்தா?”

“மார்கழி பெறந்ததுல இருந்து.”

“ஒனக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

அவர் வரப்பில் உட்கார்ந்தார். கேரியரிலிருந்து அவிழ்த்த ஊசிப் பெட்டி மடியில் இருந்தது. அதைத் திறக்கவில்லை.

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே தாயி.”

“சொன்னா ஊசிய நிறுத்திருவீக.”

“நிறுத்தத்தான் செய்வேன். நிறுத்திட்டு மாத்திரை குடுப்பேன். பெரிய மாத்திரை. வயித்தப் பெரட்டும், நாலு நாளு சோறு எறங்காது, அம்புட்டுத்தான். அதுக்கும் இதே கார்டுதான்.”

“மொக்கையன...”

“மொக்கையன் எங்கிட்ட வரும்போதே ரெண்டு பக்கமும் அரிச்சுப்போச்சு. காப்பாத்த முடியுமான்னு பாக்கத்தான் மதுரைக்கு அனுப்புனாக. ஊசிய நிறுத்தி அவன் சாகல.”

நல்லமுத்து இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றான். என்ன சொல்றாரு என்று அவளைக் கேட்டான். அவள் என்ன சொல்வாள். எப்படிச் சொன்னாலும் கத்தித்தான் சொல்ல வேண்டும். பக்கத்துக் காட்டில் ஆட்கள் இருந்தார்கள்.

கம்பவுண்டர் எழுந்து பெட்டியைத் திரும்பக் கேரியரில் வைத்துக் கட்டினார். பிறகு, “நான் தெனமும் கேட்டேன். மருந்துப் புட்டியப் பாத்துக்கிட்டே கேட்டேன்” என்றார். “அவரு மொகத்தப் பாத்துக் கேட்டிருக்கணும்.” அன்று ஊசி போடாமலே போனார். அவள் கொடுத்த பொங்கலை வேண்டாம் என்று சொல்லவில்லை. தூக்குவாளியோடு வாங்கி சைக்கிளில் மாட்டிக்கொண்டார்.

அதே கார்டுக்கு மதுரையில் காதுக்கும் வைத்தியம் பார்த்தார்கள். போனது போனதுதான் என்று சொல்லிவிட்டார்கள். இன்னும் முன்னால் நிறுத்தியிருந்தால் கொஞ்சமாவது மிஞ்சியிருக்கும் என்று அங்கிருந்த டாக்டர் சொன்னதை அவள் புருசனுக்கு எடுத்துச் சொல்லவில்லை. பெரிய மாத்திரை வந்தது. வயிற்றைப் புரட்டியது, நாலைந்து நாளில் பழகிவிட்டது. நெஞ்சு ஆறிக்கொண்டே வந்தது. அடுத்த ஆடியில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, பிள்ளையைக் கூட்டிக்கொள்ளலாம் என்றார்கள்.

கஸ்தூரி காரியாபட்டியிலிருந்து வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்து இறங்கினாள். சித்தி வீட்டு எருமை கன்று போட்டதையும் பஸ்ஸில் ஒருவர் தூங்கி விழுந்ததையும் சொன்னாள். நல்லமுத்து அவளை முன்னால் உட்காரவைத்து, அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் எது சொன்னாலும் சிரித்து, ஆமா, ஆமா என்றான். பிள்ளைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். சந்தனம்மாள் அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

“அப்பா, நான் திரும்பச் சித்தி வீட்டுக்கே போயிறவா?”

“ஆமா, ஆமா” என்றான் அவன், அதே சிரிப்போடு.

கஸ்தூரி அழுதுகொண்டு அடுப்படிக்கு ஓடிவந்தாள். பின்னாலேயே நல்லமுத்து வந்து நின்றான். என்ன செஞ்சேன், நான் ஒண்ணும் செய்யலையே என்று இருவரிடமும் மாறி மாறிக் கேட்டான். சந்தனம்மாள் பிள்ளையைத் தூக்கி அவன் கையில் கொடுத்துவிட்டு, புகைக்குக் கண்ணைத் துடைக்கிறவள்போல முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்பாவுக்குக் காது கேட்காது, தொட்டுத்தான் கூப்பிடவேண்டும் என்று அன்று சாயங்காலம் சொல்லிக்கொடுத்தாள். பிள்ளை சீக்கிரம் பழகிக்கொண்டது. பேசுவதைக் குறைத்துக்கொண்டு, சட்டையைப் பிடித்து இழுத்துக் கையால் காட்டியது. வாய் ஓயாமல் பேசிய பிள்ளை அப்படி ஆனதைத்தான் சந்தனம்மாளால் தாங்கமுடியவில்லை.

மில்லில் அவனைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள், பழைய இடத்துக்கே. அங்கே யாருக்கும் யார் பேச்சும் கேட்பதில்லை. அவனுக்கு அங்கே ஒரு குறையும் தெரியவில்லை. லீவு நாளில்கூட எதையாவது சொல்லிக்கொண்டு மில் வாசலுக்குப் போய்வந்தான்.

மிச்ச மாத்திரைக்காக சந்தனம்மாள் மாசத்துக்கு ஒரு தடவை மல்லாங்கிணறு போவாள். அந்தப் புரட்டாசியில் போனபோது பெஞ்சில் புதிதாக ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். இருபது வயசுகூட இருக்காது. திருச்சுழிப் பக்கமிருந்து ஜின்னிங் பேக்டரிக்குப் பிழைக்க வந்தவர்கள். புருசனுக்கு ஊசி ஆரம்பித்துக் கொஞ்ச நாள்தான் ஆகிறது, உள்ளே இருக்கிறான் என்றாள். கார்டை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். கதவு திறந்திருந்தது. உள்ளே கம்பவுண்டர் ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு, அந்த ஆளின் முகத்துக்கு நேரே குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். இல்லை என்றான் அவன்.

சந்தனம்மாள் மாத்திரையை வாங்கி மடியில் கட்டிக்கொண்டு புறப்பட்டவள், திரும்பி வந்து அந்தப் பெண் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“காதுக்குள்ள சத்தம் கேட்டா உடனே சொல்லிரணும்த்தா. கிறுகிறுப்பு வந்தாலும் சொல்லிரணும். கார்டத் திருப்பிக் குடுக்க மாட்டாக. வேற மருந்து இருக்கு.”

“எங்க வீட்டுக்காரவுக அப்படி ஒண்ணும் சொல்லலையேக்கா” என்றாள் அந்தப் பெண்.

“சொல்ல மாட்டாக” என்றாள் சந்தனம்மாள். “நீ பின்னால நின்னு கூப்பிட்டுப் பாரு.”